பொதுக்காணி

பதினாறு லீற்றர் தாங்கிக்கு
மூடியால் மூன்று.
காற்று பள்ளிக்கூடப் பக்கம் திரும்பமுன்
அடித்து முடி என்றார் ஓவசியர் அரியகுட்டி.

வெள்ளைப்பூ. ஆள் இடுப்பளவு.
கையுறை ஒன்றுதான், அதுவும் இடக்கைக்கு.
பார்த்தீனியத்துக்கு முன்னம்
இங்கே என்ன முளைத்ததென்று
பதிவேட்டில் இல்லை:
கனகராயன்குளம் தெற்கு, பொதுக்காணி, இரண்டு ஏக்கர்.

எட்டாம் நாள் போனேன்.
எல்லாம் செத்துக் கபிலமாய்ச் சரிந்திருக்க
நடுவில் எழும்பி நின்றது
ஒரு கிணற்றுக்கட்டு.
சீமெந்து காயமுன் குச்சியால் எழுதியது:
வி. நேசரத்தினம், 9.4.94.

ஓவசியரிடம் சொன்னேன்.
"கிணத்துக்குள்ள மருந்து போயிருக்குமோ?" என்றார்.

திரும்பிப் போய்க்
குனிந்து கல்லொன்று போட்டேன்.
தண்ணீர் இருந்தது.

படிவத்தில் 'களை ஒழிந்தது' என்று நிரப்பினேன்.
கை கழுவ
அங்கே அள்ளவில்லை.