தெரியாது

பாரி துறைமுகம். இரவுக் கப்பலின்
முப்பத்தெட்டாம் அறை.
யாரோ உறங்கிக் கசக்கிய விரிப்பை
லாமாரா உதறும்போது
ஜூக்டிடியிலிருந்து தெங்கிஸ் அழைக்கிறான்:
சின்னவளின் தடுப்பூசி அட்டை எங்கே?

நேற்று கேஸ் ரசீது.
முந்தாநாள், உப்பு.

அவள் அனுப்பும் யூரோவில்தான்
கூரைக்குப் புதுத் தகரம்.
"பாவம், ஒத்தை ஆளாய்ப்
பிள்ளை வளர்க்கிறான்" என்கிறதாம் தெரு.

இன்றைக்கு என்னவோ
"தெரியாது" என்றாள்.

எதிர்முனையில் மூச்சு மட்டும்.
பிறகு ஒவ்வொரு இழுப்பறையாய்
அவன் திறக்கும் சத்தம்.

தலையணை உறைக்குள் கையை விட்டபடி
கேட்டுக்கொண்டே நின்றாள்.
அதில்லை. அதுவுமில்லை.
கீழே, பித்தான் டப்பாவுக்கு அடியில்.

சொல்லவில்லை.
முப்பத்தொன்பதாம் அறைக்கு
வண்டியைத் தள்ளினாள்,
போனை வைக்காமல்.