ரீல் மூன்று, பதினோராம் நிமிடம்

சாலிகிராமத்தில் மழை.
ஏசி ஓடினால் மைக் அதையும் கேட்கும்;
அணைத்துவிட்டு, வேர்வை சொட்ட நிற்கிறேன்
திரையில் பனி விழும் ஒரு மலைக்கு முன்னால்.

வேட்டைப் படம். எங்கேயோ அமெரிக்காவில் எடுத்தது.
பேச்சு வந்துவிட்டது, மற்ற ஓசை வரவில்லை.
"எல்லாம் நீங்களே போட்டுருங்கண்ணே" என்றான் ஷர்புதீன்.
எல்லாம் என்றால்
காற்று, காலடி, மூச்சு, வில்,
அப்புறம் அந்த மான்.

வசனத்தாளில் கடமான் என்றிருந்தது.
கடமான் இப்படிக் கத்தாது என்றேன்.
யாருக்குத் தெரியப்போகுது என்றார்கள்.
குதிரை உயரம்,
தலையில் இலையுதிர்ந்த மரம் ஒன்று,
அதற்குத் தமிழில் பெயரில்லை.
எல்க் என்றே எழுதிக்கொண்டேன் என் தாளில்.

மூன்று நாள் செல்போனில் கேட்டேன் அந்தக் குரலை.
அடிவயிற்றில் உறுமித் தொடங்கும்,
எண்ணெய் காணாத கீலாக ஏறும்,
உச்சியில் விசிலாகி
சட்டென்று அறுந்துபோகும்.
அதன்பின் நாலைந்து இருமல்,
பேச வந்ததை மறந்தவன் மாதிரி.

ரிச்சி தெருவில் வாங்கிய வேக்குவம் கிளீனர் குழாய்,
வாய்ப்பக்கம் கையுறையிலிருந்து வெட்டிய ரப்பர்.
வீட்டில் ஊதிப் பார்த்த இரவு
கீழ்வீட்டுத் தமயந்தி மேலே வந்தாள்,
இன்ஹேலரோடு.

அப்புறம்தான் திரையில் கவனித்தேன்:
வேட்டைக்காரன் வாயிலும் அதே குழாய்.
இன்னொரு ஆணாக நடித்து
ஆணைச் சண்டைக்குக் கூப்பிடுகிறான்.
ஆக, நிஜ மானுக்கும் நான்தான்,
பொய் மானுக்கும் நான்தான்.
பொய்யைச் சுத்தமாக ஊதினேன்.
நிஜத்தில் கொஞ்சம் பிசிறு விட்டேன், எச்சிலும்.

உருவிய கேசட் நாடாவை மிதித்தால் புல்.
ஈரமணல் தட்டில் இரண்டு முஷ்டி, குளம்பு.
தென்னந்துடைப்பத்தைக் கதவில் உரசினால்
கொம்பில் கிளை படுகிறது.
வருகிறது.
ஐம்பதடி. முப்பதடி.
அதன் மூச்சுப்புகைக்கு ஒலி உண்டா என்று
ஷர்புதீனைக் கேட்க நினைத்து, கேட்கவில்லை.

அவன் வில் ஒற்றை மரத்தில் செதுக்கியது.
சக்கரமில்லை, குறிபார்க்கக் கண்ணாடியில்லை.
இழுத்துப் பிடிக்கும் பாரமெல்லாம் தோளுக்கு.
அந்த முனகலுக்கு
லாட்ஜ் ஒன்று கழித்துப்போட்ட பிரம்பு நாற்காலியில்
மெல்ல உட்கார்ந்தேன்.

பதினோராம் நிமிடம்.
மான் தலை தூக்கிப் பார்க்கிறது,
கூப்பிட்டவன் எங்கே என்று.
அவன் முழங்கை நடுங்குகிறது.
நடுங்கிக்கொண்டே இருக்கிறது.
பிறகு நாண், கொஞ்சம் கொஞ்சமாக,
அம்போடு சேர்ந்து
பழைய இடத்துக்கே திரும்புகிறது.

"இதுக்கு என்னண்ணே சத்தம்?"
நாற்காலியிலிருந்து எழுந்தேன்,
உட்கார்ந்ததைவிட மெதுவாக.
என் முட்டி சொடக்கியது.
அதையும் வைத்துக்கொள் என்றேன்.

ஒன்பது மணிக்கு போன்.
இந்த ஊர் ஆளுக்கு அம்பு பாயணும் சார்,
பாயற சத்தம் குடுங்க, இருட்டாக்கி முடிச்சிடறோம்.
நைலான் கயிற்றை ஆணிக்கு ஆணி முறுக்கிக் கட்டி
ஒருமுறை சுண்டினேன்.
ஒரே டேக்.
பெயர் கேட்டான் ஃபைலுக்கு. நாண் என்றேன்.
கயிறா வெட்கமா என்று
தமிழ் தெரிந்தவன் யாராவது கேட்டிருக்கலாம்.

மழை விட்ட சர்தார் படேல் சாலை.
சிவப்பு விளக்கு, தொண்ணூறு விநாடி.
கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் புள்ளிமான்கள்,
நடுவில் ஒரு கலை,
கொம்பில் ஏதோ கொடி சிக்கி, ஊரைப் பார்த்தபடி.
பெட்ரோல் டாங்க் மேல் பை,
பைக்குள் குழாய்.
பையின் ஜிப்பைப் பாதிவரை திறந்தேன்.

முப்பத்தொன்று. முப்பது.
கலை தன் காதை மட்டும் என் பக்கம் திருப்பியது.

பச்சை விழுந்திருக்கிறது போலும்.
பின்னாலிருந்து அத்தனை ஹாரன்களும்
என்னையே கூப்பிட்டன.