முக்கால் ஜல்லி

இப்ரி தாண்டிப் பன்னிரண்டாவது கிலோமீட்டர்.
கேட்டிலிருந்து வீடுவரை எண்பது மீட்டர்,
கொஞ்சம் ஏற்றம்.
முதலில் வாதியில் அள்ளிய கூழாங்கல் பரப்பியிருந்தார்கள்.
பார்க்க அழகு.
டயர் ஏறினால் நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த கதை.
உருண்டை ஒன்றையொன்று பிடிக்காது.
உடைத்த கல் வேண்டும், முனை முனையாய்.
அர்பாப் ஒரு வருஷம் யோசித்து
இரண்டு டிப்பர் இறக்கினார்.

நடு உயரம், ஓரம் தாழ்வு,
மீன்முதுகாய் இழுத்துவிட்டேன்.
மழை இங்கே வருஷத்துக்கு இரண்டு நாள்தான்.
வந்தால் வழி கேட்காது.

எல்லாம் நின்றது,
வன்னி மரத்தடிக் குழி தவிர.
(இவர்களுக்கு அது காஃப். முள் அதே முள்தான்.)
மேலே ஜல்லி கொட்டி மிதித்தால்
வெள்ளிக்கிழமை காலை வாய் திறந்திருக்கும்.
நாலு முறை கொட்டினேன்.
ஐந்தாவது முறை எனக்கே வெட்கமாயிருந்தது.

கடப்பாரை எடுத்தேன்.
விடிகாலை நாலரை. வெயில் ஏறினால் இரும்பைத் தொட முடியாது.
குழியின் அடிவரை பெயர்த்தேன், அடிக்குக் கீழும்.
சேறு. இந்த ஊரில் சேறு!
அதற்குள் தேங்காய் அளவில் இரண்டு கல்.
எனக்கு முன் தோற்ற எவனோ திணித்தது.
ஓரமாய்ப் போட்டேன்.
ஒன்றரை ஜல்லி, மேலே முக்கால், அதன்மேல் தூசிக்கல்.
அடுக்குக்கு அடுக்கு தண்ணீர் காட்டி
வாடகைக்கு எடுத்த குத்து மெஷினை ஓட்டினேன்,
பல் கிடுகிடுக்க, நாளுக்கு ஏழு ரியால்.
சாயங்காலம் நூல் கட்டிப் பார்த்தேன்.
எங்கும் உரசவில்லை.

வியாழக்கிழமை குல்ஜமானின் தண்ணீர் டேங்கர்.
வழக்கம்போல் வன்னி நிழலில் நிறுத்தி
வழக்கம்போல் இறங்கி
ஒழுகும் ஹோஸை இழுத்துக்கொண்டு வருகிறான்,
பின்னால் வண்டி
மெதுவாக, யாரையும் கூப்பிடாமல்,
கேட்டைப் பார்க்கப் போகிறது.
ஓடினான். தொற்றி ஏறினான். மிதித்தான்.

'கண்ணூ பாய்!'
(கண்ணாயிரம் அவன் வாயில் அவ்வளவுதான்.)
குழி எங்கே போனது என்கிறான்,
களவு கொடுத்தவன் மாதிரி.

கைப்பிரேக் போய் மூன்று வருஷமாம்.
கேட்கும்போதெல்லாம் கம்பெனி
'கல், கல்' என்கிறதாம்.
அவன் பாஷையில் கல் என்றால் நாளை.

ஓரமாய்ப் போட்டிருந்த இரண்டையும்
எடுத்துக் கொடுத்தேன்,
என் பாஷையில்.

சக்கரத்துக்கு ஒன்றாய் முட்டுக் கொடுத்தான்.
தண்ணீர் இறங்கி முடிந்ததும் மறக்காமல் பொறுக்கி
சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.
அடுத்த வீட்டிலும் எவனாவது
குழியை மூடியிருக்கலாம்.