ஏழா, ஒன்றா

அழகுப் போட்டி என்று எழுதினால்
பதிவாளர் கையெழுத்துப் போடமாட்டார்.
அதனால் மாணவர் பேரவை விண்ணப்பத்தில்
‘ஆளுமைத் திறன் கல்வி உதவித்தொகை விழா’ என்று எழுதியது.
கிரீடத்தை மட்டும் ராஜவீதியில் வாடகைக்கு எடுத்தது.

நான் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு.
மேடைக்குப் பக்கவாட்டில், கால் ஆடும் பிளாஸ்டிக் மேசையில்
மதிப்பெண் கூட்டுகிற சோலி எனக்கு.
நடை, திறமை, கேள்வி பதில், பத்துப் பத்தாக.
நடுவர் நான்கு பேர்.
பனியன் கம்பெனியும் எண்ணெய் ஆலையும்
ஆளுக்குப் பாதி போட்ட ஐம்பதாயிரம்.

பதினொரு பேரில் ஆறு பேர் பரதம்.
ஒன்பதாம் எண் வெறுங்கையோடு வந்தாள்.
பாகம்பிரியா, திருச்செங்கோடு.
எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட கவுன், அவளைவிட இரண்டு சைஸ் பெரிது,
முதுகில் ஆறு ஊக்கு. நான்தான் குத்திவிட்டேன்.

“எங்கப்பா ரிக் வண்டியில இருக்காருங்.
இப்ப சத்தீஸ்கர்ல.
ஒரு போர் ஓட்டிக் காட்டறனுங்.”

மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டாள்.
கம்ப்ரசர் உறுமியது. செம்மண் போனது.
ஓடைக்கல் போனது. கருங்கல் வந்தது.
இருபது அடிக்கு ஒருதரம் ராடு மாற்றும் சங்கிலி
அவள் மேலண்ணத்தில் கிடந்து கிலுங்கியது.
கடைசி வரிசை விசிலடித்தது.
நானூறு அடிக்குக் கீழே யாரும் சிரிக்கவில்லை.
தோட்டங்காடு இருக்கிற வீட்டுப் பிள்ளைகள்
செருப்புக்குள் விரலை மடக்கிக்கொண்டார்கள்.

எழுநூற்று எண்பதில் நிறுத்தினாள்.
நீளமாக ஊதினாள். புழுதி.
ராடுகளை ஒவ்வொன்றாக உருவி அடுக்கிவிட்டுக் கும்பிட்டாள்.
கைதட்டலாமா கூடாதா என்று
அரங்கத்துக்குத் தெரியவில்லை.

நான்காம் நடுவர் தாளில் அந்தக் கட்டத்தில்
ஏழா, ஒன்றா?
மேலே ஒரு சின்ன வளைவு,
பேனா இழுத்ததாகவும் இருக்கலாம்.
ஒன்று என்றால் ஐந்தாமிடம்.
ஏழு என்றால் அரை மதிப்பெண்ணில் முதலிடம்.
இரண்டு விதமாகவும் மும்மூன்று தரம் கூட்டினேன்.
கால்குலேட்டருக்கு வெசனம் கிடையாது.

பட்டு ஷோரூம் முதலாளி
பின்வாசலில் போண்டா தின்றுகொண்டிருந்தார்.
நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
“நா எழுதுனதுதான் அம்மிணி, எனக்கே தெரியிலியே.
பாதியில போன் வந்து வெளிய வந்துட்டேன்.
ஆமா, அந்தப் புள்ள போர்ல தண்ணி வந்துச்சா?”

வந்துச்சுங் என்று சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை ஈரம் வந்துவிட்டது.

“இல்லீங். எழுநூத்தி எம்பது. புழுதிதானுங்.”

போண்டாவைக் காகிதத்தில் வைத்தார்.
“எங்களுக்கு ஆயரத்தி நூறு. மூணு குழி”
என்றார், சுவரைப் பார்த்து.
என் பேனாவை வாங்கித்
தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டார், ஏழு.

இது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு.
பரீட்சையில் கேட்டால் இரண்டு மார்க்.

பத்து மணிக்குள் திருப்பித் தரவேண்டிய கிரீடத்தைப்
போட்டோ முடிந்த கையோடு செயலாளர் கழற்றிக்கொண்டான்,
இரண்டு தலைமுடியோடு.
வராந்தாவில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள்.
போனில் அதே சத்தம். கருங்கல்.

“செயிச்சுட்டனுங்ப்பா.”
“கேக்கல கண்ணு, மிசின் ஓடுது. அப்பறமேட்டு கூப்புடு.”

ஈரோட்டுக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன்.
ஐந்தடி அட்டைக் காசோலை படியில் திரும்பவில்லை.
சாய்த்தோம், படுக்கப்போட்டோம்,
பிறகு குறுக்காகச் செருகினோம்.
நிசக் காசோலை அடுத்த மாசமாம்.
கண்டக்டர் தொகையை எண்ணாலும் எழுத்தாலும்
சத்தமாக ஒருதரம் படித்தார்.
“இதுக்கு லக்கேஜ் போடோணும் அம்மிணி.”

“எவ்வளவுங்?”
ஊக்குப் போட்டுவைத்த பையில்
சில்லறை தேடினாள்.