நான்கு துளைகள்

பர்கூர் தாண்டி, வெட்டித் தீர்ந்த கிரானைட் குவாரி.
சனிக்கிழமை மட்டும் எங்கள் கிளப்பின் சுடுதளம்.
நூர்ஜபீன் புதுப் பேரலோடு வந்திருந்தாள்;
நுனிக்கருகே, மேல்பக்கம், நான்கு துளைகள்.

எண் எழுதுவது என் வேலை.
பழைய பேரலில் நொடிக்கு ஆயிரத்து நூற்று நாற்பது அடி.
துளையிட்டதில் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு.
"இருபத்திரண்டு அடிதானே, போகட்டும்."

குண்டைத் தள்ளிய வாயுவில் ஒரு பங்கு
பாதி வழியில் மனம் மாறி
வானம் பார்த்துக் கிளம்புகிறது.
போகிற போக்கில்
மூக்கைத் தூக்கப் பார்க்கும் பிஸ்டலை
ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போகிறது.
பின்னால் வரும் உதை கொஞ்சம் மிச்சம்;
அதை முழங்கை வாங்கிக்கொண்டது.
இரண்டாவது தோட்டா
முதல் ஓட்டையின் ஓரத்தைக் கடித்திருந்தது.

"கையே ஆடலை, பாத்தியா?"

பார்க்கவில்லை.
இடப்பக்கம் ஒரு மேசை தள்ளி இருந்த நான்
கண்ணை மூடியிருந்தேன்.
காதுமூடிக்குள் நுழைய முடியாத சத்தம்
கடைவாய்ப் பல் வழியாக வந்தது.
பாறைச் சுவர் அதையே திருப்பிச் சொன்னது.
ஆறு மணி மங்கலில்
துளைக்கு ஒன்றாய்த் தீநாக்கு.

குறைந்த இருபத்திரண்டும்
அவளுக்கு அடிக்கணக்கு.
எனக்கு, அடி.

நோட்டில் 'வேகம்' ஒரு பத்தி, 'உதை' ஒரு பத்தி.
மூன்றாவதாய்க் கோடு இழுத்தேன்,
தலைப்பு தோன்றவில்லை.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
ஜீப்புக்குப் பின்னால் போனேன்.
அங்கிருந்து எண் தெரியாது.
"சத்தமாப் படி" என்றேன்,
அவளுக்கும் காது கேட்கவில்லை.