பேர் சொல்லாதது

விடுப்பில் வரும்வரை அதுவும் என் வேலைதான்.
வார்டில் பிள்ளையின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பது,
கறுப்பு நூலில் கோத்த துண்டுகளை எண்ணுவது,
"கையில கட்டுங்க, வேணாங்கல.
நாக்குல மட்டும் தடவாதீங்க" என்பது.

பகலில் அதன் பேரைச் சத்தமாகவே சொல்வேன்.
வசம்பு.
தாழங்குடாவிலிருந்து வந்த அம்சவல்லி
தன் காதை விட்டுவிட்டு
குழந்தையின் காதைப் பொத்தினாள்.
இரண்டு நாளாய் விடாத வாந்தி அதற்கு.
விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து,
"ஒரு உரசுதான் சிஸ்டர். இல்ல, ரெண்டு."
கேஸ் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

என் மகளுக்கு இருபத்து மூன்று நாள்.
பேர் இன்னும் முடிவாகவில்லை.
அவர்கள் வீட்டில் ஒரு எழுத்து,
எங்கள் வீட்டில் வேறு,
சான்றிதழில் இப்போதைக்கு ஒரு கோடு.

ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கிய அழுகை
பத்தரைக்கு ஊதா நிறமானது.
தோளில் போட்டேன். தட்டினேன்.
காலை மடக்கி வயிற்றில் அழுத்தினேன்.
படித்ததெல்லாம் செய்தேன்.
காற்று சிப்காட் பக்கமிருந்து திரும்பியிருந்தது,
நகப்பூச்சும் அழுகிய முட்டையும்.
ஜன்னலை மூடினால் புழுக்கம்,
திறந்தால் அது.

தில்லைநாதன் வண்டிச் சாவியை எடுத்தான்.
போ என்று நான் சொல்லவில்லை.
போகாதே என்றும்.

முதுநகரில் ஆதிமூலம் கடை,
ஷட்டர் பாதி இறங்கியிருந்ததாம்.
"வசம்பு வேணும்."
கரண்ட் ஆபீஸ் ஆள், ராத்திரிச் சட்டம் தெரியாது.
"இல்லியே."
கண்ணாடி ஜாடிக்குள் சாம்பல் விரல்கள்
கண்ணெதிரே நிற்கின்றன.
"அதோ இருக்கே."
"எது?"
"வசம்பு."
"அப்படி ஒண்ணும் இல்ல தம்பி."

எனக்குப் போன் வந்தது.
"பேர் சொல்லாததுன்னு கேளு" என்றேன்,
நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய வாயால்.

ஆதிமூலம் காகிதத்தில் மடித்துக்கொண்டே
"பிள்ளைக்கு என்ன பேரு?" என்றிருக்கிறார்.
"இன்னும் வைக்கல."
"அப்போ ரெண்டுக்கும் சரியாப் போச்சு.
பத்து ரூபா."

டியூப்லைட்டில் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.
கணுக்கணுவாக, படுத்தபடியே
சேற்றில் நடந்து பழகிய விரல்.
தண்ணீர் நின்ற இடத்தில் வளருமாம்,
வாள் மாதிரி இலையாம்.
பச்சையாய்க் கண்டதே இல்லை.
கெடிலத்துக் கரையில் கோரை பார்த்திருக்கிறேன்,
சம்பு பார்த்திருக்கிறேன்,
அந்த 'வ' எங்கே முளைக்கிறதென்று
யாரையும் கேட்டதில்லை.

விளக்கெண்ணெயில் தோய்த்துச் சுட்டதும்
வீட்டின் வாடை மாறியது.
காரம், கற்பூரம், பழைய புத்தகத்தின் நடுப்பக்கம்,
எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் ஈரம்.
சிப்காட் ஜன்னலோடு நின்றது.
மூக்குக்குத்தான் நின்றது, நுரையீரலுக்கு இல்லை,
எனக்குத் தெரியும்.

விரல் நுனியில் கறுப்பு.
அவள் வாய் திறந்தே இருந்தது,
அண்ணம்வரை சிவப்பு.
அம்சவல்லி,
அந்த இடத்தில் நானும் நின்றேன்.
ஒரு உரசா, ரெண்டா என்று
நானும் கணக்குப் போட்டேன்.

பிறகு கை கீழே இறங்கியது.
தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம்,
கடிகாரம் போகிற திசையில், மெல்ல அழுத்தி,
இன்னொன்று, இன்னொன்று.
அழுத்தம் பாடப்புத்தகத்தில் உண்டு.
கறுப்பு இல்லை.

ஊர்த்தலைவர் மாதிரி
ஒரு காற்று பிரிந்தது.
தூங்கிப்போனாள்.

விரலா, வேரா,
அழுது அழுது தானாக அடங்கும் நேரமா,
எனக்குத் தெரியாது.
தில்லைக்குச் சந்தேகமே இல்லை,
பத்து ரூபாய்தான் என்கிறான்.
மிச்சத்தை அரிசி டப்பாவில் போட்டேன்,
வண்டு வராது.
சோப்புப் போட்டுக் கழுவியும்
நகக்கண்ணில் கறுப்பு இருந்தது.

பங்குனியில் வேலைக்குத் திரும்புவேன்.
மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பேன்.
நாக்கில் தடவாதீர்கள் என்பேன்,
முன்னைவிட மெதுவாக.
எதை என்று கேட்பார்கள்.

பகலாய் இருந்தால் சொல்வேன்.