இரண்டாம் தவணை

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு எதிரே
லாட்ஜ் அறை, நாளுக்கு நானூற்றைம்பது.
ரசீதெல்லாம் தருவதில்லை என்ற மேலாளர்
மூன்றாம் நாள் மனமிரங்கி
தேதி போடாமல் நான்கு கையெழுத்திட்டுத் தந்தார்.

முனைவர் பட்டம் பெற்று ஐந்தாண்டுக்குள் இருக்க வேண்டும்.
இருக்கிறேன். இன்னும் எழுபத்தொரு நாள்.
வேறெங்கும் சம்பளம் பெறக் கூடாது.
அதில் மட்டும்
எந்தத் தணிக்கையாளரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

தலைப்பு: நடுகற்களுக்குச் செலவு செய்தவர் யார்?
நேர்காணலில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
இதனால் சமூகத்துக்கு என்ன பயன்.
தண்ணீர் குடித்துவிட்டு ஏதோ சொன்னேன்.
முதல் தவணை வந்தது.
கருவிகள் வாங்க அனுமதியில்லை என்பதால்
கேமரா, ஜெபராணியின் தம்பியுடையது.
முகூர்த்த நாட்களில் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
பயனீட்டுச் சான்றிதழ் மூன்று முறை போய்
மூன்று முறை திரும்பியது.
வரிசை எண் பதினான்கு: மூல ரசீது இல்லை.

கல், செந்தூரா மரங்களுக்கு நடுவில் நிற்கிறது.
முழங்கால் வரை மண்
மார்பில் போன பொங்கலின் சுண்ணாம்பு.
தொறு மீட்டுப் பட்டான் என்கிறது எழுத்து.
எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு என்கிறது
யார் மகன் என்கிறது.
வெட்டியவனுக்குக் கூலி எவ்வளவு
கொடுத்தது யார்
நெல்லா, பொன்னா, மீண்ட மாட்டில் ஒன்றா,
அதற்கும் கீழே இடமிருந்தது.
எழுதவில்லை.

இரவில்தான் எழுத்து தெரியும்.
தோப்புக் காவல் கெம்பம்மா டார்ச் பிடித்தாள்.
பக்கவாட்டில் பிடிங்க, இன்னும் தரையை ஒட்டி,
என்றதும் முணுமுணுத்தபடி குந்தினாள்.
ஒளி சாய, கல் எழுந்தது:
வில். தொடையில் தைத்த அம்பு.
வலப்பக்கம் ஒரு மாடு.
கொம்பு, காது, கழுத்து மணி,
மணியின் நாக்குகூட.
அதற்கப்பால் வெறும் கோடு
உளி ஒருமுறை தடவிப் போன கோடு.

சிதைவு என்று போட்டிருக்கிறார்கள் பழைய பட்டியலில்.
தேய்ந்த கல் இப்படிக் கோடாக மிஞ்சாது.
யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

மழை வந்திருக்கலாம்.
உளிக்காரன் காய்ச்சலில் விழுந்திருக்கலாம்.
அடுத்த ஊரில் அடுத்தவன் பட்டு
அவசரமாய் ஆள் வந்திருக்கலாம்.
வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன்
கெம்பம்மா கேட்காமலே.

"துட்டு வந்திருக்காது" என்றாள் அவள்,
கொசுவை அடித்தபடி.

இதை எப்படி எழுதுவேன்.
அடிக்குறிப்பில் வைத்தாலும் ஊகம் என்று சுழிப்பார்கள்.
ஆனாலும் அந்த வெற்றுக் கோட்டை
முப்பத்தெட்டுப் படம் எடுத்தேன்.
யாரோ ஒருவன் இங்கே நின்று
வராத பாதிக் கூலிக்காகச் சாலையைப் பார்த்திருக்கிறான்.
அல்லது இல்லை.

"முடிக்காத மாட்டையுமா கும்பிடுறீங்க?"
"அரை மாட்டுக்கும் சேத்துத்தான்
சுண்ணாம்பு அடிக்கிறோம்.
உனக்கு இதுக்கு எவ்ளோ தராங்க?"

சொன்னேன்.
டார்ச்சை அணைத்தாள்.
செல் தீர்ந்துடும், என்றாள்.

டார்ச் செல் இரண்டு, நாற்பது ரூபாய்.
எந்தத் தலைப்பில் சேர்ப்பதென்று தெரியாமல்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
லாட்ஜுக்கு வந்து பார்த்தபோது
வியர்வை அதை வாங்கிக்கொண்டிருந்தது.